கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்

எங்கள் பேருந்தின் டிரைவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்தது நான்தான் என்று கண்டக்டர் சொல்வார். அவர்தான் வைத்தார் என்று நான் சொல்வேன். யார் வைத்திருந்தாலும் பொருத்தமான பெயர். முன்னால் வண்டி நின்றாலும் அடிப்பார், நகர்ந்தாலும் அடிப்பார். காக்கைகூட இல்லாத நேர் சாலையில், கை சும்மா இருக்கிறதே என்று ஒருமுறை அடிப்பார். கண்டக்டருக்கு 'விசில்' என்று பெயர். அதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் அந்த வண்டியில் யாரும் நிம்மதியாகப் பேசிக்கொள்ள முடியாது.

நான் தினமும் அதில் போகிறவன். பேருந்து போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு சாவிக்கடை. நான் இறங்கிக் கடையைத் திறந்து, மேசையைத் துடைத்து, அரங்களை வரிசையாக எடுத்து வைப்பதற்குள் பேருந்து திரும்பிக் கிளம்பிவிடும். நடுவில் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் விசில் இறங்கிப் போய் டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு டீ குடிப்பார். ஹாரன் ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது ஹாரனின் மனைவி. அவர் ஒரு கண் மருத்துவமனையில் பார்வைச் சோதனை எடுப்பவர். எழுத்துப் பலகையைக் காட்டி 'இதுக்குக் கீழ படிங்க' என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குரலில் பேசுவார். அவரும் எங்கள் பேருந்தில்தான் வேலைக்குப் போவார். ஒரு திங்கட்கிழமை காலையில் விசிலிடம் டிக்கெட் வாங்கும்போது, பீரோவில் போர்வை எடுக்கப் போன கதையைச் சொன்னார்.

"போர்வைக்கு அடியில பதினோரு நோட்டு. எல்லாம் படம் வரையற நோட்டு. ஒவ்வொண்ணுலயும் முதல் பக்கத்துல ஒரு மலை. ரெண்டாம் பக்கத்துல பாதிக் குதிரை. அதுக்கப்புறம் வெறும் பக்கம்."

"பாதின்னா?"

"முன்னங்கால் வரைக்கும். பதினோரு நோட்டுலயும் பின்னங்கால் இல்லாத குதிரைதான். கேட்டா, நேரம் கிடைச்சதும் முடிக்கணும்னு இருந்தேங்கறார். இருபது வருஷமா."

பேருந்தே சிரித்தது. ஹாரனின் பிடரி சிவந்ததை அவருக்குப் பின் இருக்கையில் இருந்த நான் பார்த்தேன். அடுத்த சிக்னலில் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

அவர் ஐம்பத்தொரு வயது ஆள். தோளும் மணிக்கட்டும் தடித்தவர். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் நன்றாக வரைந்திருக்கிறார். வேலைக்கு வந்த பிறகு, எப்போதாவது ஆசை பொங்கினால் கடைக்குப் போய்ப் புது நோட்டும் கலர் பெட்டியும் வாங்குவார். இரண்டு நாள் உட்காருவார். மூன்றாம் நாள் டபுள் டியூட்டி வரும், அல்லது தண்ணீர்க் குழாய் உடையும். அதோடு நோட்டு போர்வைக்கு அடியில் போய்விடும். இதெல்லாம் பின்னால் அவரே எனக்குச் சொன்னது.

அன்றைக்குக் கடைசி நிறுத்தத்தில் விசில் டீ குடிக்கப் போகவில்லை. பானெட்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"அண்ணே, ஒரு பந்தயம். முப்பது நாள். தினம் ஒரு படம். விடாம வரைஞ்சு காட்டுங்க, நான் மீசையை எடுத்துடறேன்."

விசிலின் மீசை சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கி மேலே ஏற்றி, கூட்டத்தில் அவருக்கு முன்னால் அதுதான் வழி விலக்கிக்கொண்டு வரும்.

"வரையலைன்னா?" என்றார் ஹாரன்.

"ஒரு மாசம் ஹாரன் அடிக்கக் கூடாது."

இறங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மாதம் அமைதியான பயணம். சத்தியமாக எனக்கு அந்த நிமிடமே அவர் தோற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

"உயிருக்கு ஆபத்துன்னா அடிக்கலாம். அதைச் சேத்துக்கங்க" என்றேன்.

"அப்ப நீங்கதான் நடுவர்" என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஹாரனின் மனைவி ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் விதிகளை எழுதிக் கொண்டுவந்தார். பால்பாயிண்ட் பேனாவில்தான் வரைய வேண்டும். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தபடி கண்ணில் படும் ஏதாவது ஒன்றை, அந்த ஏழு நிமிடத்துக்குள் வரைய வேண்டும். பிடிக்கவில்லை என்று பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. விடுமுறை நாளில் வீட்டில் வரைந்து மறுநாள் காட்ட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நடுவர் கையெழுத்து. சீட்டை மடித்துக் கணவரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "யார் ஜெயிச்சாலும் எனக்கு நல்லதுதான்" என்று சொல்லி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் நாள் தண்ணீர்க் குழாயை வரைந்தார். அது வாத்து மாதிரி இருந்தது. நான் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் டீக்கடைப் பெஞ்சு, ஐந்து காலோடு. நான்காம் நாள் டைம் கீப்பரின் குடை. மழை பெய்த ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று வைப்பரையே வரைந்துவிட்டார். ஆறேழு நாள் வரைக்கும் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தவர், அதற்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். நேரமாகிவிட்டால் விசில் ஊதுவார். இவர் மூடி வைத்துவிட்டு வண்டியை எடுப்பார்.

பதினான்காம் நாள் பேருந்து பழுதாகிப் பணிமனையில் நின்றுவிட்டது. அன்று வண்டி வரவில்லை என்று நான் நடந்து கடைக்கு வந்திருந்தேன். சாயங்காலம் கடையை மூடப் போகும் நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து ஹாரன் வந்து நின்றார். பழுதான வண்டியின் டிரைவர் இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்து, மெக்கானிக் விட்டுப் போன ஸ்பேனரை வரைந்திருக்கிறார். அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். அவர் தோற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்றோடு போய்விட்டது.

பத்தொன்பதாம் நாள் வேறு மாதிரிச் சிக்கல். பழைய பக்கங்களை எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டார். முகம் தொங்கிப்போயிற்று.

"எதுவும் அது மாதிரியே இல்லைங்க. மானக்கேடா இருக்கு. விட்டுடலாம்னு பாக்கறேன்."

மனைவியிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அழகா இருக்கணும்னு நான் அந்தச் சீட்டுல எங்க எழுதியிருக்கேன்? படிச்சுக் காட்டுங்க." இவர் உண்மையாகவே சீட்டை எடுத்துப் படித்துப் பார்த்தாராம். எழுதியிருக்கவில்லை. அன்று எரிச்சலோடு வரைந்த டீ கிளாஸ்தான் அதுவரை வரைந்ததிலேயே டீ கிளாஸ் மாதிரி இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் அவருக்கு வார விடுமுறை. மச்சினன் வீடு மாறுகிறார் என்று காலையிலேயே போய், மூன்று மாடிக்கு பீரோவைத் தூக்கி, வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். விடிந்து எழுந்தபோதுதான் நினைவு வந்திருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சொம்பையோ செருப்பையோ இரண்டு நிமிடத்தில் கிறுக்கிக் கொண்டுவந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர் அப்படிச் செய்யவில்லை. கடைசி நிறுத்தத்தில் நோட்டை என்னிடம் நீட்டி, "நேத்து வரையல" என்றார்.

விசிலுக்குத்தான் தாங்கவில்லை. "அண்ணே, இன்னிக்கு ரெண்டா வரைஞ்சுடுங்க. நான் ஒண்ணும் பாக்கல."

"நான் பாத்தேனேப்பா" என்றார் ஹாரன்.

பந்தயம் முடிந்தது. விசில் டீ குடிக்கப் போனார். நான் கடையைத் திறந்து அரங்களை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஹாரன் நோட்டை ஸ்டியரிங்மேல் வைத்து வரைந்துகொண்டிருந்தார். டீ கிளாஸோடு திரும்பி வந்த விசிலும் பார்த்துவிட்டார்.

"அதான் தோத்தாச்சே, இன்னும் என்னண்ணே?"

"ஏழு நிமிஷம் சும்மா எப்படிப்பா உக்காந்திருக்கறது?"

அடுத்த ஒரு மாதம் எங்கள் பேருந்து பூனை மாதிரி போயிற்று. முதல் வாரம் அவர் பாடு பெரும்பாடு. கை தானாக ஹாரனுக்குப் போகும். பாதியில் இழுத்துக்கொண்டு தன் தொடையிலேயே தட்டிக்கொள்வார். பிறகு வேகத்தைக் குறைத்தார். யார் குறுக்கே வரப் போகிறார், யார் நிற்கப் போகிறார் என்று முன்கூட்டியே பார்த்து ஓட்ட ஆரம்பித்தார். "இறங்கப் போறவங்க முதல்ல தோளைத்தான் திருப்பறாங்க, தெரியுமா?" என்று ஒருநாள் என்னிடம் ஏதோ புதையலைக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். அவர் படங்களில் மனிதர்கள் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனால் இப்படியே எல்லாம் நன்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பந்தயம் இல்லாமல் ஒரு வாரம் நான்கு படம் வந்தது, அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு யாராவது பின்னாலயே நின்னு விரட்டினாத்தான் நடக்கும் போல. பந்தயம் இருந்தப்ப கை ஓடுச்சு."

"பந்தயம் வேணும்னா வெச்சுக்கங்க. அதுக்கு விசில் எதுக்கு? நீங்களே உங்ககூட வெச்சுக்கங்க" என்றேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். இந்த முறை விதியை அவரே எழுதியிருந்தார். நாற்பது நாள். கண்ணில் பட்டதை எல்லாம் வரையப் போவதில்லை, கைகளை மட்டும்தான். என்ன வரைவது என்று தேடுவதிலேயே முதல் இரண்டு நிமிடம் போய்விடுகிறதாம். கைதான் என்று முடிவு செய்துவிட்டால் தேட வேண்டாம். கடைசி வரியை எனக்கு விரல் வைத்துக் காட்டினார். 'லீவு: இரண்டு நாள்.'

"டிப்போவுலயே வாரம் ஒரு நாள் லீவு தராங்க. போன தடவை நான் எனக்கு ஒண்ணுகூடத் தரல. அதான் கவுந்துட்டேன்."

அந்த நாற்பது நாளில் எங்கள் பேருந்தில் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் மட்டும்தான் பாக்கி. கம்பியைப் பிடித்த கை, டிக்கெட்டைச் சுருட்டும் கை, பையை மடியில் இறுக்கிய கை. என் கையையும் வரைந்தார். அரத்தூள் படிந்த நகங்களைப் பார்த்துவிட்டு, எனக்கு இப்படி ஒரு கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். நாற்பதாம் நாள் கையெழுத்து வாங்கும்போது, "ஒரு லீவு மிச்சம் வெச்சிருக்கேன்" என்றார். குரலில் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் புது ஆள். "விசில் லீவா?" என்று கேட்டேன். புது ஆள் என்னை முறைத்துவிட்டு விசிலை எடுத்து என் காதோரம் ஊதினார். ஊதின விதத்தில்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். மீசை இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது.

"பந்தயம் எப்பவோ முடிஞ்சதே, யார் எடுக்கச் சொன்னது?" என்று ஹாரன் பதறிப்போனார்.

"முப்பதுக்கு எடுக்கறேன்னேன். நீங்க நாப்பது வரைஞ்சிட்டீங்க. விடுங்கண்ணே, முளைச்சுடும்" என்று உதட்டின் மேல் தடவிக்கொண்டார் விசில்.

அடுத்தது நூறு நாள், காத்திருக்கும் மனிதர்கள். லீவு ஐந்து நாள். இதில்தான் ஒரு பேக்கரிக்காரர் மாட்டினார்.

கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, ரொட்டியெல்லாம் வெளியே போன பிறகு அந்த மனிதர் வீட்டுக்குத் திரும்ப எங்கள் பேருந்தில் ஏறுவார். டிரைவருக்கு இடப்பக்கத்து நீள இருக்கைதான் அவர் இடம். உட்கார்ந்த மறு நொடி தலை சாயும், வாய் திறக்கும். அவர் இறங்க வேண்டிய இடத்தில் விசில் இரண்டு தடவை ஊதி எழுப்புவார். அசையாத ஆள் கிடைத்தால் ஹாரன் விடுவாரா? எழுபது நாளில் இருபத்தேழு படம் அவரை மட்டுமே வரைந்திருந்தார். மூக்கும் தாடையும் அப்படியே வர ஆரம்பித்தன.

ஒருநாள் பேருந்து திரும்பும்போது சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டதில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் சற்று நேரம் அதிகமாகக் காத்திருக்கும்படி ஆயிற்று. பெஞ்சிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டதால், அன்று தூக்கம் கலைந்துபோய் ஏறி உட்கார்ந்தார். கண் மூடாமல் பக்கவாட்டில் பார்த்தவரின் எதிரே, திறந்த நோட்டில் அவரே தூங்கிக்கொண்டிருந்தார்.

"இது நானா?"

"ஆமாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஹாரன் எழுந்தே நின்றுவிட்டார்.

பேக்கரிக்காரர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கையெழுத்துப் போட வந்த நான் படியிலேயே நின்றேன். கேட்காமல் ஒருவரை இருபத்தேழு தடவை வரைந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது.

"என் வாய் இவ்வளவா திறந்திருக்கு?"

"இதைவிடப் பெருசுங்க. அண்ணன் மரியாதைக்குக் கொஞ்சம் குறைச்சு வரைஞ்சிருக்கார்" என்றார் விசில்.

அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு, கொஞ்சம் தயங்கி ஒன்று கேட்டார்.

"நான் முழிச்சிருக்கற மாதிரி ஒண்ணு வரைஞ்சு தர முடியுமா? என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவ ஸ்கூல்ல இருந்து வர நேரத்துல நான் தூங்கிட்டிருப்பேன். அப்பாவை வரைன்னு டீச்சர் சொன்னா, கட்டில்ல போர்வையத்தான் வரையறா."

ஹாரன் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் ஆள் முழித்திருந்தால்தானே? மறுநாள் பேக்கரிக்காரர் இரண்டு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நெற்றி முடிவதற்குள் கண் சொருகிவிட்டது. அதற்கடுத்த நாள் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றார். நின்றபடியே தூங்கினார். மூன்றாம் நாள் விசில் பக்கத்திலேயே நின்று, இமை இறங்கும்போதெல்லாம் ஊதினார். படத்தில் வந்தவர் பேயைப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

"லீவு அன்னிக்கு வரேன்" என்றார் பேக்கரிக்காரர்.

சொன்னபடி வந்தார். அன்று தொண்ணூற்றோராம் நாள். நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, எங்கும் போக வேண்டிய வேலை இல்லாமல், வரையப்படுவதற்காகவே கடைசி நிறுத்தம் வரை பயணம் செய்து வந்தார். வண்டி நின்றதும் அதே இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறங்க வேண்டியவர்கள் யாரும் இறங்கவில்லை. ஹாரனின் மனைவிகூட மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்காமல், ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஹாரனுக்கு முதல் கோடு கோணலாகப் போயிற்று. கிழிக்கக் கூடாது என்பதால் அந்தக் கோணல் கோட்டையே புருவமாக்கினார். வலது கண் வந்தது. இடது கண் வந்தது. மூக்கு பாதி. விசில் கடிகாரத்தைப் பார்த்தார், ஊதாமல் நின்றார்.

"ஊதுப்பா, நேரமாச்சு" என்றார் ஹாரன்.

"பரவால்லண்ணே, முடிச்சுடுங்க. எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

"அடுத்த ஸ்டாப்ல நிக்கறவங்களுக்கு இது தெரியுமா?"

விசில் ஊதினார். இரண்டு கண்ணும் பாதி மூக்கும் மட்டுமே இருந்த அந்தப் பக்கத்தை ஹாரன் வெட்கத்தோடு குழந்தையிடம் நீட்டினார். காது இல்லை, வாய் இல்லை, தாடை இல்லை. குழந்தை படத்தைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது.

"அப்பா என்னைப் பாக்கறாரு" என்றது.

பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி படத்தை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கிழிக்கக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹாரனின் மனைவியைப் பார்த்தேன். "நடுவர் சொன்னாச் சரி" என்று அவர் சொன்னதும், பக்கத்தைக் கவனமாக நானே கிழித்துக் கொடுத்தேன். நோட்டில் மிஞ்சிய ஓரத்தில் 'நடுவர் அனுமதியுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று என் கடை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தது.

நூறு நாளும் முடிந்தது. அதற்குப் பிறகு ஐம்பது நாள் முதுகுகள், ஒரு மழைக்காலம் முழுக்கக் குடைகள், இருபத்தொரு நாள் இடது கையால். சிலது தேறியது, சிலது பாதியில் நின்றது. பாதியில் நின்றால் இப்போதெல்லாம் அவர் முகம் தொங்குவதில்லை. எதனால் நின்றது என்று பார்த்து, அடுத்த தடவைக்கு விதியை மாற்றி எழுதிக்கொள்வார். நான்கு வருஷத்தில் முப்பதுக்கு மேல் நோட்டுகள். அவர் மனைவி பீரோவில் ஒரு தட்டையே ஒழித்துக் கொடுத்துவிட்டு, போர்வைகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஹாரனை வேறு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கடைசி நிறுத்தத்தில் நான்கே நிமிடம்தான் வண்டி நிற்கும். போன வாரம் அவருடைய விடுமுறை நாளில் என்னைப் பார்க்கக் கடைக்கு வந்தார். நான் டீ சொல்லிவிட்டு, நான்கு நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாலு நிமிஷத்துல ஆளு வராதுங்க. செருப்பு வரும்."

இருபத்திரண்டு நாள் செருப்புகளைக் காட்டினார். வார் அறுந்து ஊக்கு குத்தியது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது, தம்பி பூட்ஸை அண்ணன் மாட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் யாருடையது, எங்கே இறங்கினார் என்று ஒரு கதை சொன்னார். புது வண்டியின் கண்டக்டர் ஒரு பெண் என்றும், முதல் நாளே தன் செருப்பைத் துடைத்துவிட்டு வந்து நின்றார் என்றும் சொல்லிச் சிரித்தார்.

இடையில் ஒருவர் அவசரமாக வீட்டுச் சாவி கேட்டு வந்தார். நான் சாவியைப் பிடியில் மாட்டி ராவ ஆரம்பித்தேன். முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஹாரனின் டீ ஆறிக் கிடந்தது. அவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, என் மேசையில் கிடந்த அரங்களையும் பிடியையும் வரைந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு லீவு எடுக்கலையா?" என்றேன்.

"லீவுதான்" என்றார் தலையை நிமிர்த்தாமல். "இது கணக்குல வராது. கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."